ஒரு தடவை ஓடினால் போதும்

எட்டயபுரம் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது மக்காச்சோளக் காட்டுக்குள்ளிருந்து பளீர் பளீரென்று வெளிச்சம் கண்ணில் அடித்தது. வண்டியை ஓரங்கட்டினேன். காட்டைச் சுற்றிக் கம்பு ஊன்றி, கயிறு இழுத்து, கயிறு நெடுகச் சிடிக்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றுக்கு அவை சுழலச் சுழல, கதிரில் உட்கார வந்த கிளிகள் விலகிப் பறந்தன. வரப்பில் உட்கார்ந்திருந்த காட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒன்றைப் பிடித்துத் திருப்பினேன். ஏதோ ஒரு படத்தின் இரண்டாவது டிஸ்க். கை தன்பாட்டுக்கு அதை வெயிலுக்குச் சாய்த்தது. கட்டைவிரல் நகம் தன்பாட்டுக்குக் கீறலின் குறுக்கே போனது. நகம் தட்டியது. ஆழமான கீறல், வாட்டர் பேப்பர் போடாமல் ஆகாது.

“என்ன சார், படம் ஓடுமா?” என்றார் காட்டுக்காரர்.

“ஓட்டிரலாம்” என்றேன்.

நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று சிரித்தார். ஒரு காலத்தில் எனக்கு அதுதான் வேலை.

கோவில்பட்டியில் செண்பகவல்லி அம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு சந்துக்குள் அண்ணாச்சியின் கடை இருந்தது. ஊருக்கே அவர் ‘சிடிக்கடை அண்ணாச்சி’. கல்லூரி முடிந்து சாயங்காலம் நான் அங்கே போய் உட்காருவேன். பெயர், தெரு, டிஸ்க் நம்பர் மூன்றையும் நீளநோட்டில் எழுத வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு நாளைக்குப் பத்து ரூபாய். முகம் தெரியாதவர் என்றால் முன்பணம் அல்லது ரேஷன் கார்டு ஜெராக்ஸ். தீப்பெட்டி ஆபீஸ்களில் சனிக்கிழமை சம்பளம் போடுவார்கள். அன்றைக்கு ராத்திரி கடையில் நிற்க இடம் இருக்காது. வேலை விட்டு அப்படியே வந்த அக்காமார் பக்கத்தில் நின்றால் தீக்குச்சி மருந்து வாடை அடிக்கும். “அழுகாச்சிப் படம் வேண்டாம் தம்பி, சிரிப்புப் படமாக் குடு” என்பார்கள்.

ஒரு படம் ஒரே டிஸ்க்கில் அடங்காது. விசிடி ஒன்றில் 74 நிமிஷம், மிஞ்சிப்போனால் 80 நிமிஷம். நம் படங்களுக்கு இரண்டு டிஸ்க், நீளமான படத்துக்கு மூன்று. இதில் தெருக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஒரு வீடு வாடகைக்கு எடுக்கும். முதல் டிஸ்க் முடிந்ததும் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். இந்த வீட்டில் இடைவேளைக்குப் பிந்தைய கதை ஓடும்போது அந்த வீட்டில் டைட்டில் ஓடும். பத்து ரூபாயில் மூன்று வீடு படம் பார்த்துவிடும். டிஸ்க்கைக் கொண்டு போகிறவன் அந்த வீட்டுச் சின்னப் பயல். உறை, கவர் எதுவும் கிடையாது. ஆட்காட்டி விரலை நடு ஓட்டையில் கோத்துச் சுற்றிக்கொண்டே ஓடுவான். வழியில் கோலிக்குண்டு ஆட்டம் கண்ணில் பட்டால் டிஸ்க் திண்ணையில் கவிழ்ந்து கிடக்கும். எங்கள் ஊர் கரிசல் புழுதி கண்ணுக்கு மாவாகத் தெரியும். டிஸ்க்கின் மேல் பட்டால் அத்தனையும் பல்.

2006-இல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்க ஆரம்பித்த பிறகு, அதுவரை டிவி இல்லாத வீடுகளிலும் ஒரு சைனா பிளேயர் வந்து உட்கார்ந்தது. வாடிக்கையாளர்கள் பெருகினார்கள், கீறலும் பெருகியது. திங்கட்கிழமை காலையில் அண்ணாச்சி கடையைத் திறந்தாலே புகார்தான். “படம் நிக்கி அண்ணாச்சி.” “மூஞ்சி கட்டம் கட்டமா உடையுது.” “உள்ள தள்ளினா ‘நோ டிஸ்க்’னு சொல்லுது.” எல்லாப் புகாரிலும் ஒரு ஒற்றுமை உண்டு: கிளைமாக்ஸில்தான் நிற்கும். அண்ணாச்சிக்கு அது வெகுநாள் மர்மமாக இருந்தது. சிடி உள்வட்டத்தில் ஆரம்பித்து வெளிவட்டத்தில் முடிகிறது. நிறைந்த டிஸ்க்கில் கடைசிக் காட்சிகள் ஓரத்தில்தான் இருக்கும். நாம் விரல் வைத்துப் பிடிப்பதும் ஓரம், கீழே விழுந்தால் தரையில் இழுபடுவதும் ஓரம். வில்லன் சாகிற இடத்தில் படம் நின்றுபோனதற்கு இதுதான் காரணம்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கைவைத்தியம் இருந்தது. வேட்டி நுனியால் வட்டவட்டமாகத் துடைப்பது, தேங்காய் எண்ணெய் தடவுவது, பற்பசை தேய்ப்பது, விபூதி போட்டுத் துடைப்பது. வாழைப்பழத் தோலால் தேய்த்துக் கொண்டுவந்த ஒருவரின் டிஸ்க்கை எறும்பு மொய்த்தபடி வாங்கியிருக்கிறேன். எல்லாமே முட்டாள்தனம் என்று சொல்ல முடியாது. எண்ணெய் கீறலின் பள்ளத்தை நிரப்பும். அன்றைக்கு ராத்திரி படம் ஓடிவிடும். மறுநாள் அந்தப் பிசுக்கில் தூசி படிந்து பிளேயரும் சேர்ந்து கெடும். பற்பசையில் இருக்கிற நைசான பொடி மெல்லிய கீறலைத் தேய்த்து எடுக்கும். பல்பொடி போட்டவர்கள்தான் கெட்டார்கள். அதன் கரகரப்பு இருந்த கீறலோடு இன்னும் நாலு கீறல் சேர்த்துவிடும். பித்தளைச் சாமான் துலக்குகிற பிராசோவைத் தொட்டு அண்ணாச்சி பழைய பனியன் துணியால் தேய்ப்பார். ஒரு டிஸ்க்குக்கு அரைமணி நேரம் ஆகும், தோள்பட்டை கழன்றுவிடும். பத்து ரூபாய் வாடகைப் படத்துக்கு அரைமணி நேரத் தேய்ப்பு எப்படிக் கட்டுபடியாகும்?

அண்ணாச்சியை அதைவிட அதிகம் பாடுபடுத்தியவர் ஒரு மினிபஸ் டிரைவர். கிராமத்துப் பக்கம் போகிற வண்டி. வண்டியில் பாட்டுத்தான் வசூல். ஒரே நேரத்தில் ஸ்டாண்டில் இரண்டு மினிபஸ் நின்றால், இளையராஜா பாட்டு ஓடுகிற வண்டியில்தான் ஆள் ஏறும். அவருக்காக நூற்றைம்பது பாட்டை ஒரே எம்பி3 டிஸ்க்கில் போட்டுக் கொடுத்திருந்தோம். அந்த டிஸ்க் வெயிலில் டேஷ்போர்டு மேல் காயும், சாலைக் குழிகளில் பிளேயருக்குள்ளேயே குதிக்கும், எடுத்துத் துடைக்க கிளீனர் பையனின் அழுக்குத் துணிதான் கிடைக்கும். “ஏழாவது பாட்டு குதிக்கு அண்ணாச்சி. சரியா ஆஸ்பத்திரி ஸ்டாப்புல வந்து குதிக்கு. ஏறுற பொம்பளைகள்லாம் சிரிக்காங்க” என்று வந்து நிற்பார். புதுசு அடித்துத் தரலாம் என்றால் சம்மதிக்க மாட்டார். அந்த டிஸ்க்கில் பாட்டு வருகிற வரிசை அவருக்கும் அந்த வழித்தட ஜனங்களுக்கும் மனப்பாடம். எந்தப் பாட்டில் எந்த ஊர் வரும் என்று கணக்கு வைத்திருந்தார்கள். அதே வரிசையில் எங்களிடமும் நகல் இல்லை.

கடைக்குப் பின்சுவர் ஒரு டிங்கரிங், பெயின்டிங் பட்டறை. நாள் முழுக்கத் தட்டும் சத்தமும் தின்னர் வாடையும் வரும். பட்டறை மாஸ்டர் கார்களுக்குக் கடைசி மெருகு போடுவதில் பெயர்பெற்றவர். கம்பளி வட்டு மாட்டிய பாலீஷ் மிஷினை அவர் பானட் மேல் நகர்த்திக்கொண்டே போனால், மங்கிக் கிடந்த கறுப்பு பெயின்டில் வேப்பமரக் கிளையின் நிழல் இலை இலையாகத் தெரிய ஆரம்பிக்கும். ஒருநாள் டீ குடிக்க வந்தவர், அண்ணாச்சி பனியன் துணியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தார். டிஸ்க்கை வாங்கிச் சாய்த்துப் பார்த்தார்.

“இது ஸ்வெர்ல் மார்க்தான? கார் கழுவத் தெரியாதவன் கழுவினா இப்படித்தான் விழும். மிஷின்ல போட்டா ஒரு நிமிசம்.”

“இது நொய்ஞ்ச பிளாஸ்டிக்குல்லா மாஸ்டர். கார் தகரமில்ல.”

“நான் பாலீஷ் போடுறது தகரத்துக்கா? பெயின்டுக்குத்தானய்யா.”

அண்ணாச்சி குப்பைக்கு ஒதுக்கிவைத்திருந்த டிஸ்க்குகளில் ஒரு கட்டை அள்ளிக்கொடுத்தார். மாஸ்டர் முதலில் கை வைத்தது அவற்றில்தான். ஒன்று மிஷின் சுழற்சியில் பறந்து போய்ச் சுவரில் பட்டு உடைந்தது. ஒன்றின் மேல் மிஷினை ஒரே இடத்தில் ஒரு கணம் நிறுத்திவிட்டார். அந்த இடம் வெந்து பால் நிறத்துக்கு வெளுத்துவிட்டது. சிடி பாலிகார்பனேட்டில் செய்தது. 150 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே இளக ஆரம்பித்துவிடும். அந்த எண் மாஸ்டருக்குத் தெரியாது. ஆனால் வெந்த இடத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, “சூடுதான் இதுக்கு எமன்” என்று தீர்ப்புச் சொன்னார்.

அதன்பிறகு முறை ஒன்று உருவானது. ஆசாரியிடம் சொல்லி ஒரு பலகையில் டிஸ்க் அளவுக்கு வட்டப்பள்ளம் குடையச் செய்தார். பள்ளத்தின் ஆழம் டிஸ்க்கின் கனத்தைவிடக் கொஞ்சம் குறைவு. அப்போதுதான் டிஸ்க்கின் முகம் பலகைக்கு மேல் தலைகாட்டி நிற்கும். நடுவில் ஒரு மர முளை. பள்ளத்தின் அடியில் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி ஒட்டினார். டிஸ்க் சுற்றாமல் ரப்பர் பிடித்துக்கொள்ளும். டிஸ்க்கை வைப்பதற்கு முன்னால் அந்த ரப்பரை ஈரத்துணியால் துடைத்தே ஆகவேண்டும். ஒரு மணல் இருந்தாலும் மேலே மெருகு ஏற ஏற அடியில் அந்த மணல் டிஸ்க்கைத் தின்றுவிடும்.

வேலை சோப்புத் தண்ணீரில் ஆரம்பிக்கும். புழுதியோடு மிஷினுக்குக் கொண்டு போனால் புழுதியே உப்புத்தாளாகிவிடும். கழுவி, உதறி, டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். பிறகு நகச் சோதனை. நகம் தட்டாமல் வழுக்கினால் காம்பவுண்டு மட்டும் போதும். தட்டினால் முதலில் 2000 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து, நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் தேய்க்க வேண்டும். பளபளப்பு போய் டிஸ்க் முகம் முழுக்கச் சாம்பல் பூத்துவிடும். டிஸ்க்கின் சொந்தக்காரர் பக்கத்தில் நின்றால் அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. இருந்ததையும் கெடுத்துவிட்டான் என்றே நினைப்பார். அதன் மேல் ரப்பிங் காம்பவுண்டு ஒரு பட்டாணி அளவு. மிஷினை ஆகக் குறைந்த வேகத்தில் வைத்து, ஈரமான கம்பளி வட்டை ஓரமாகச் சாய்க்காமல் தட்டையாக வைத்து, எங்கேயும் நிற்காமல் ஓட்ட வேண்டும். மனசுக்குள் பத்து எண்ணி எடுக்க வேண்டும், புறங்கை வைத்துச் சூடு பார்க்க வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும், திரும்ப வைக்க வேண்டும். சாம்பல் மெல்ல விலகும். அடியிலிருந்து முதலில் ஊதா, பிறகு பச்சை, பிறகு வானவில் முழுக்க ஏறி வரும். கடைசியில் மென்மையான பாலீஷை வேறொரு வட்டில் போட்டு ஒரு சுற்று. கழுவித் துடைத்தால் டியூப்லைட்டின் உருவம் வளையாமல் நெளியாமல் டிஸ்க்கில் விழும்.

மாஸ்டர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். இடையில் நானும் அவருக்குக் கொஞ்சம் சொன்னேன். நான் பி.எஸ்சி. இயற்பியல் மாணவன். சிடியின் கனம் 1.2 மில்லிமீட்டர், அதில் தகவல் இருப்பது அடிப்பக்கத்தில் இல்லை, பெயர் அச்சடித்த மேல்பக்கத்துக்கு ஒட்டினாற்போல இருக்கிறது, லேசர் கீழிருந்து முழுப் பிளாஸ்டிக்கையும் கடந்து போய்த்தான் அதைப் படிக்கிறது என்றேன். பிளாஸ்டிக்குக்குள் நுழையும் இடத்தில் அந்த ஒளிப்புள்ளியின் அகலம் ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர்; தகவல் இருக்கிற இடத்தில் அது குவிந்து இரண்டு மைக்ரானுக்கும் குறைவாகிவிடும். அதனால் மேற்பரப்பில் கிடக்கிற சின்னத் தூசி அதன் கண்ணுக்கே படாது.

மாஸ்டர் யோசித்துவிட்டு, “அப்ப இது காரோட முன்கண்ணாடி. ரோட்டைப் பாத்து ஓட்டுறவனுக்குக் கண்ணாடில ஒட்டின கொசு தெரியாது. வைப்பர் இழுத்த கோடு எதிர் வண்டி லைட்டுல கண்ணைக் கூசும். கோட்டை எடுத்துட்டா ரோடு அங்கதான் இருக்கு” என்றார். அன்றுமுதல் யார் வந்து கேட்டாலும், “ரோட்டுக்கு ஒண்ணும் ஆகல, கண்ணாடிதான் போச்சு” என்று சொல்லித்தான் டிஸ்க்கை வாங்குவார்.

ஏன் நேர்கோட்டில் தேய்க்க வேண்டும் என்பதற்கும் காரணம் இருந்தது. சிடியில் தகவல் சுருள் தடமாக ஓடுகிறது. தடத்துக்குத் தடம் இடைவெளி 1.6 மைக்ரான், பிரித்து நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும். குறுக்கே விழுந்த கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துளியைத்தான் மறைக்கும். அந்தத் துளியைக் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளப் பிளேயருக்குத் தெரியும். இர்விங் ரீட், கஸ்டாவ் சாலமன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1960-இல் எழுதிவைத்த கணக்கு அது. 1982-இல் சோனியும் பிலிப்ஸும் சிடியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது உள்ளே வைத்தே கொடுத்தார்கள். தடத்தின் நீளவாக்கில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் வரை அழிந்துபோனாலும் அது முழுசாக மீட்டுவிடும். தடத்தோடு தடமாகச் சுற்றிப் போகிற வட்டக் கீறல் அந்த எல்லையைத் தாண்டிவிடும். வேட்டி நுனியால் வட்டவட்டமாகத் துடைத்தவர்கள் தங்களுக்குத் தெரியாமலே மோசமான கீறலாகப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மினிபஸ் டிஸ்க்தான் மாஸ்டர் கை வைத்த முதல் நிஜ டிஸ்க். ஏழாவது பாட்டு குதிக்காமல் ஓடியது. டிரைவர் சந்தோஷத்தில் மாஸ்டரை வண்டியில் ஏற்றி ஒரு டிரிப் கூட்டிப்போனார். ஆனால் அண்ணாச்சி அதற்கு முன்பே ஒரு காரியம் செய்துவிட்டார். மெருகு போட்டு முடித்த ஈரம் காய்ந்ததும், டிரைவருக்குக் கொடுப்பதற்கு முன்னால், கடைக் கம்ப்யூட்டரில் தள்ளி, முழுசையும் அதே வரிசையில் நகல் எடுத்துவைத்துக்கொண்டார். “இனிமே அது உடைஞ்சாலும் பரவால்ல” என்றார். அப்போது அவர் சொன்னதுதான் கடையின் வாய்ப்பாடாகிவிட்டது: “டிஸ்க்கைப் புதுசாக்க நம்மால ஆகாது தம்பி. ஒரு தடவை ஓடினாப் போதும். மத்ததை நாம பாத்துக்கிடலாம்.”

வாடகைத் தொழில் அதற்குள் ஆட்டம் காணத் தொடங்கியிருந்தது. திருட்டு வீடியோக் குற்றத்தையும் 2004-இல் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோதே அண்ணாச்சி புதுப்படம் பக்கம் தலைவைக்காமல் ஒதுங்கிவிட்டார். சில ஆண்டுகளில் மோசர் பேயர் கம்பெனி 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி என்று ஒரிஜினல் படங்களையே பெட்டிக்கடை வரைக்கும் கொண்டுவந்து குவித்தது. வாங்கவே 28 ரூபாய் என்றால் பத்து ரூபாய் கொடுத்து யார் வாடகைக்கு எடுப்பார்கள்? ஆச்சரியம் என்னவென்றால், பட டிஸ்க் மலிவாக மலிவாக எங்களிடம் கீறல் எடுக்க வருகிற கூட்டம் கூடியது. வந்தவை எல்லாம் கடையில் விலைக்குக் கிடைக்காத டிஸ்க்குகள். கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, பள்ளி ஆண்டு விழா, கோயில் கொடை. வீடியோ எடுத்தவரிடம் போய்க் கேட்டால், கேசட்டில் அடுத்த கல்யாணத்தை எடுத்தாயிற்று என்பார். வீட்டில் இருக்கிற அந்த ஒரு டிஸ்க்தான் மிச்சம்.

எல்லாவற்றையும் எங்களால் ஏற்க முடியாது. டியூப்லைட்டுக்கு எதிரே பிடிக்கும்போது ஊசிமுனை வெளிச்சம் நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெரிந்தால், மேல்பக்கம் உரிந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே தகவலே இல்லை; எந்த மிஷினும் எந்த மாஸ்டரும் ஒன்றும் செய்ய முடியாது. பளபளக்கிற பக்கத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, பெயர் எழுதிய பக்கத்தை மேஜையில் கவிழ்த்து வைப்பவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. அந்தப் பக்கத்தில் மெல்லிய அரக்குப் பூச்சைத் தவிர வேறு காவல் கிடையாது. ஒரு பாட்டி, பேரன் காதுகுத்து டிஸ்க்கைக் கொண்டுவந்தார். மேலே மணமக்கள் படத்துக்கு ஒட்டுவதைப்போல வண்ண ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். ஒரு ஓரம் பிய்ந்திருந்ததால் முழுசையும் அவரே உரித்து எடுத்துவிட்டார். ஸ்டிக்கரின் பின்னால் வெள்ளித்தகடும் சேர்ந்து வந்துவிட்டது. ஸ்டிக்கரையும் பத்திரமாக மடித்துக் கொண்டுவந்து, “இதைத் திருப்பி ஒட்டிப் பாருங்களேன் ஐயா” என்றார். அண்ணாச்சி காசு வாங்காமல், தெரிந்தவர்கள் யாரிடமாவது இன்னொரு டிஸ்க் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லி அனுப்பினார். டிவிடி இந்த விஷயத்தில் தேவலை. 0.6 மில்லிமீட்டரில் இரண்டு தட்டை ஒட்டி நடுவில் தகவலை வைத்திருப்பதால், மேல்பக்கக் கீறலுக்கு அது லேசில் சாகாது.

ஏற்றுக்கொண்டவற்றில் என்னால் மறக்க முடியாதது ஒரு வில்லுப்பாட்டுக்காரரின் விசிடி. சுடலைமாடன் கதையும் முத்துப்பட்டன் கதையும் சொல்கிறவர். ஏதோ ஒரு கொடையில் விடிய விடியப் பாடியதை ஊர்க்காரர்கள் வீடியோ எடுத்து அவருக்கு ஒரு டிஸ்க் கொடுத்திருக்கிறார்கள். அதைத்தான் ஊர் ஊராகக் கொண்டுபோய், கோயில் கமிட்டிக்காரர்களுக்குப் போட்டுக் காட்டி அடுத்த கொடைக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டிருந்தார். மஞ்சள் பையில், வெற்றிலைப் பெட்டிக்கு அடியில் கிடந்த டிஸ்க். ஓரத்தில் பாக்குவெட்டி உரசியிருந்தது. தடத்தோடு சுற்றிப் போன வட்டக் கீறல்.

“நல்லா உடுக்கடி ஏறுற இடத்துல போய் நின்னுருது. கமிட்டிக்காரன் எந்திரிச்சிப் போயிருதான்” என்றார்.

மாஸ்டர் வெகுநேரம் எடுத்துக்கொண்டார். முதலில் 1500 நம்பர் பேப்பர், பிறகு 2000, பிறகு காம்பவுண்டு. கீறல் ஆழம் என்பதால் அந்த ஆழத்துக்குச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் முழுவதையும் சமமாக இறக்க வேண்டியிருந்தது. கீறல் எடுப்பது என்று சொல்கிறோமே தவிர, எடுப்பது கீறலை அல்ல. கீறல் இல்லாத மீதி இடத்தையெல்லாம் கீறலின் ஆழத்துக்குக் கரைப்பதுதான் வேலை. பட்டறை ஆட்களுக்கு இது புதிதல்ல. கார் பெயின்டின் மேல்பூச்சு ஐம்பது மைக்ரான் இருந்தால் பெரிது. நாலு தடவை தவறாக மெருகு போட்டால் அடிப்பூச்சு பல்லிளிக்கும். 1200 மைக்ரான் கனமுள்ள டிஸ்க்கைக் கண்டதும் மாஸ்டருக்குத் தெம்பு வந்ததற்கு அதுதான் காரணம். “காரைவிட இதுல சதை ஜாஸ்தி” என்பார். ஆனாலும் மெருகு ஒவ்வொன்றும் கொஞ்சம் உடம்பைக் கேட்கும். ஒரே டிஸ்க் திரும்பத் திரும்ப வந்தால் அவர் முகம் சுளிப்பார்.

முடித்துக் கம்ப்யூட்டரில் தள்ளினோம். ‘டாட்’ என்று முடிகிற ஒரே பெரிய கோப்பு. நகல் எடுக்கும் பச்சைக் கட்டை நகரத் தொடங்கியது. வில்லுப்பாட்டுக்காரர் ஸ்டூலில் உட்காரவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். டிரைவ் வேகமெடுத்துச் சீறும், தடுமாறும், வேகத்தைக் குறைத்து முனகும், திரும்பச் சீறும். கீறல் இருந்த இடத்தில் பச்சைக் கட்டை அசையாமல் நின்றது. ‘சைக்ளிக் ரிடன்டன்சி செக்’ என்று செய்தி வந்து நகல் அறுந்தது. கடைப்பையன்களின் பாஷையில் அது ‘சைக்கிள் எரர்’. மாஸ்டர் டிஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். இன்னொரு மெருகு. இந்தத் தடவை அண்ணாச்சி, பிழையைக் கண்டால் நிற்காமல் தாண்டிப் போகிற ஒரு மென்பொருளைப் போட்டு, டிரைவின் வேகத்தையும் ஆகக் குறைவாக வைத்தார். அது ஊர்ந்து ஊர்ந்து போனது. டீ வந்தது, ஆறியது. கடைசியில் கட்டை நிரம்பியது.

போட்டுப் பார்த்தோம். உடுக்கையும் குடமும் ஏறுகிற இடம், வீசுகோல் வில்லில் படபடக்கிறது, அவர் குரல் உச்சிக்குப் போகிறது. சட்டென்று முகம் கட்டம் கட்டமாக உடைந்து, ஒரு மூச்சு விடும் நேரத்துக்குச் சத்தமும் அறுந்து, திரும்பச் சேர்ந்துகொண்டது. அண்ணாச்சி தயங்கித் தயங்கி, “அந்த ஒரு இடம் மட்டும் எடுக்க முடியல” என்றார்.

வில்லுப்பாட்டுக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. “கிடக்கட்டும் அண்ணாச்சி. அந்த இடத்துல நான் தண்ணி குடிச்சிருப்பேன்” என்றார்.

இரண்டு நகல் அடித்துக் கொடுத்தோம். ஒன்று காட்டுவதற்கு, ஒன்று வீட்டில் வைப்பதற்கு. மாஸ்டர் காசு வாங்கவில்லை. ஆனால் ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்டார். பட்டறைத் தகரத்தில் தாளம் தட்டி அவர் பாடினார்.

ஒரு சவூதி மாப்பிள்ளை லீவுக்கு வந்தபோது ஸ்கிப் டாக்டர் என்ற கைமிஷின் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். டிஸ்க்கில் மருந்து நீரைத் தெளித்து உள்ளே மாட்டி, கைப்பிடியைச் சுற்ற வேண்டும். சின்னச் சக்கரம் வேகமாகச் சுழன்று தேய்க்க, டிஸ்க் அடியில் மெல்லத் திரும்பும். வெளியே எடுத்தால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லிய கோடுகள் தெரியும். மாஸ்டர் அதைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தார். கோடு நேராக ஓடுவதைப் பார்த்து, “வெள்ளைக்காரனும் நம்ம வழிக்குத்தான் வந்திருக்கான்” என்று திருப்தியோடு திருப்பிக் கொடுத்தார்.

பிறகு பென்டிரைவ் வந்தது. மினிபஸ்ஸில் டிஸ்க் பிளேயரைக் கழற்றிவிட்டு யூஎஸ்பி துளை வைத்த பெட்டியை மாட்டினார்கள். புளூரே டிஸ்க் ஒன்றை யாரோ கொண்டுவந்தபோது நான் வேலைக்குப் போய்விட்டிருந்தேன். அதில் தகவலுக்கும் வெளிமுகத்துக்கும் நடுவே 0.1 மில்லிமீட்டர்தான், மேலே கடினமான பூச்சு, மிஷினை வைக்க வேண்டாம் என்று போனில் சொன்னேன். “சதையே இல்லாததுக்கு வைத்தியம் எதுக்கு?” என்றாராம் மாஸ்டர். அண்ணாச்சி கடை ரீசார்ஜ் கடையாகி, ஜெராக்ஸ் கடையாகி, இப்போது ஆதார் திருத்தத்துக்கும் ஆன்லைன் விண்ணப்பத்துக்கும் கூட்டம் நிற்கிறது. மாஸ்டர் பட்டறையை மகன் பார்க்கிறார். ஆசாரி குடைந்த பலகை அண்ணாச்சி கடையில் பசைடப்பா வைக்கிற தட்டாகிவிட்டது.

எங்கள் வீட்டுப் பீரோவிலும் டிஸ்க்குகள் கிடந்தன. மடிக்கணினியில் டிரைவே வருவதில்லை. வெளியே மாட்டுகிற டிரைவ் ஒன்று வாங்கி உட்கார்ந்தேன். கீறல் விழுந்தவை இன்றைக்கும் மெருகுக்குப் பணிந்தன. கீறலே இல்லாமல், உறைக்குள் பத்திரமாக இருந்தவற்றில் சில ஓடவில்லை. வீட்டில் அடிக்கிற டிஸ்க்கில் தகவல் ஒரு சாயப் பூச்சில்தான் பதிகிறது; மட்டமான சாயம் ஆண்டுக் கணக்கில் வெளிறிவிடும். கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது, ரோடு இல்லை. பத்திரப்படுத்தியவர்கள் ஏமாந்தார்கள், தேய்த்து, பதறி, ஒரு நகல் எடுத்து வைத்தவர்கள் பிழைத்தார்கள். உங்கள் வீட்டிலும் இருந்தால் இந்த வாரமே எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

போன கொடைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, தங்கை மகன் போனில் ஒரு வில்லுப்பாட்டை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். யாரோ ஏற்றி, யாரோ அனுப்பி, எங்கெங்கோ சுற்றி வந்த வீடியோ. குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. உடுக்கடி ஏறியது. முகம் கட்டம் கட்டமாக உடைந்து சேர்ந்தது.

“நெட்டு சரியில்ல மாமா, இங்க மட்டும் சிக்குது” என்றான்.

“நெட்டு சரியாத்தாம்ல இருக்கு. அவரு தண்ணி குடிக்காரு” என்றேன்.